நிறையாத தொட்டி

மூன்றாவது குழியிலும் வெறும் மண்தான் வந்தது. ராசப்பன் கடப்பாரையைக் குத்தி நிறுத்திவிட்டு, எதிரே தோண்டிக்கொண்டிருந்த வளவனைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இங்கதான்யா இருக்கு. நான் புதைச்சது எனக்குத் தெரியாதா?"

தேடியது புதையல் இல்லை, கக்கூஸ் தொட்டி. விடிந்தால் மகள் சுபஸ்ரீக்கு வளைகாப்பு. துறையூரிலிருந்து சம்பந்தி வீட்டார் ஒரு வேன் நிறைய வருகிறார்கள். இங்கே காலையிலிருந்து, ஊற்றின தண்ணீர் உள்ளே போகாமல் குமிழி விட்டுக்கொண்டு மேலே வருகிறது.

எடமலைப்பட்டி புதூரில் அந்த வீட்டைக் கட்டி முப்பது வருஷம் ஆகிறது. ராசப்பன் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் சம்மட்டி பிடித்தவர், கொத்தனாரை நம்பாமல் கூடவே நின்று கட்டினார். தொட்டியைக் கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் போட்டார். அப்புறம் தெரு உயர்ந்துகொண்டே போக, மனைக்கு இரண்டு தரம் மண் அடிக்க வேண்டி வந்தது. தொட்டி மூடி மண்ணுக்குள் போயிற்று. எலுமிச்சையும் பட்டுப்போய், அதைப் பிடுங்கி எறிந்த பிறகு எல்லாம் குத்துமதிப்புதான்.

வளவன் செப்டிக் டேங்க் லாரிக்காரன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டான். எடுத்ததே இல்லை என்றார் ராசப்பன், பெருமையாக. ஊரான் தொட்டியெல்லாம் நிறையும், தன்னுடையது நிறையாது, கட்டின கை அப்படி.

"நிறையாத தொட்டின்னு ஒண்ணு கிடையாதுங்க பெரியவரே. தண்ணி ஏதாச்சும் ஒரு வழி பாத்துப் போயிட்டு இருக்கும்."

ராசப்பன் இதைக் காதில் வாங்கவில்லை. பாதியை உறிஞ்சிவிட்டுப் பாதியை அப்படியே விட்டுப் போகிற கூட்டம், இவன் பேச்சை என்ன கேட்பது என்று இருந்தார்.

வளவன் பின்பக்க மதிலைக் காட்டினான். அந்த வீட்டில் கேட்டால் ஏதாவது தெரியுமா என்றான். பெரியவர் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

பின்வீட்டுக்காரி ஷெர்லின், நர்ஸ் வேலை பார்க்கிறவள். மகள் கல்யாணத்துக்காகக் கொல்லையில் பாதியை அவளுக்குத்தான் விற்றார். சர்வேயரை நம்பாமல் தானே கயிறு பிடித்து மதிலையும் எழுப்பினார். போன கோடையில் ஊரே காய்ந்து கிடக்க, மதிலை ஒட்டி அவள் வைத்த பூவன் வாழை மட்டும் குலை தள்ளி நின்றது. அவள் ஒரு குடம் ஊற்றி இவர் பார்த்ததில்லை. என் போர் பைப்பில் ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவள் வந்து சத்தியம் செய்தாள், அழுதாள். அதோடு பேச்சு அறுந்தது.

"அந்தத் தண்ணித் திருடி வாசல்ல போய் நிக்கிறதுக்கு வளைகாப்பையே நிறுத்திப்புடலாம்."

மனைவி இருசம்மாள் தட்டில் பூவன்பழம் கொண்டுவந்து வைத்தாள். ராசப்பன் இரண்டைத் தின்றுவிட்டு மூன்றாவதை உரித்தார். காந்தி மார்க்கெட் பழமென்றால் இதுவல்லவா பழம், பின்வீட்டில் திருட்டுத் தண்ணீரில் விளைகிறதே அதுவும் ஒரு பழமா என்று மதில் பக்கம் கேட்கிற மாதிரி சொன்னார். இருசம்மாள் பழத்தோலை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தோண்டினது போதும் என்று வளவன் நீளக் கம்பி ஒன்றை எடுத்து வந்து, கக்கூஸுக்குப் பின்னால் இருந்த குழாயில் விட்டான். கம்பி போய்க்கொண்டே இருந்தது. மதில் வரைக்கும் போகிற நீளம் உள்ளே போயும் நிற்கவில்லை.

"தொட்டி மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்குங்க. இடத்தோட சேத்து வித்துட்டீங்க."

ராசப்பன் கம்பியைப் பிடுங்கித் தானே விட்டுப் பார்த்தார். அவருக்கும் அது நிற்காமல் போனது. பின்வாசலில் சுபஸ்ரீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நான் இப்ப எங்கப்பா போறது?"

அதற்கு மேல் அவரால் வீம்பு பிடிக்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றிப் போய், ஷெர்லின் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று கனைத்தார். விஷயத்தைக் கூட வந்த வளவன்தான் சொன்னான். அவள் கேட்டைத் திறந்துவிட்டாள்.

வாழைக்கு அடியிலேயே மூடி கிடைத்தது. வாழை வேர் தொட்டிச் சுவரைப் பிளந்து உள்ளே இறங்கி, குழாய் வாயைச் சடை மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. வளவன் வேரை அறுத்துவிட்டு லாரிக் குழாயை உள்ளே போட்டான். லாரி உறுமி உறுமி உறிஞ்சியது. தண்ணீர் போகிறது என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து மகளின் குரல் வந்தது.

ராசப்பன் தொட்டியைப் பார்த்தார். தொட்டிக்குள் தொங்கிய வேரைப் பார்த்தார். அண்ணாந்து குலையைப் பார்த்தார். நாக்கில் பழத்தின் ருசி இன்னும் இருந்தது.

ஷெர்லின் ஒரு சீப்பு பூவனை எடுத்து, வழக்கமாகக் கொடுக்கிறவள்போல மதில் மேலாக நீட்டினாள். அந்தப் பக்கமிருந்து இருசம்மாளின் வளைக்கை அதை வாங்கிக்கொண்டது. பிறகு ஷெர்லின் பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொன்னது நெசந்தான் மாமா. என் வாழை குடிச்சதெல்லாம் உங்க வீட்டுத் தண்ணிதான்."