பக்கத்து வீட்டுத் துபாய்

"'நேற்று வெள்ளிக்கிழமை, லீவு. தொழுதுவிட்டுத் தெருத்தெருவாகச் சுற்றினேன். எங்கள் சந்து முனையில் பட்டாணியர் ரொட்டிக்கடை. மண் அடுப்புக்குள் கையை விட்டு, முறம் அகலத்துக்கு ரொட்டி எடுக்கிறார்...'"

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆஸிஃபா துபாய்க் கடிதம் படித்துக்கொண்டிருந்தாள். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும், அப்படி ஒரு சத்தம். இந்தப் பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்த உம்மு சல்மாவுக்கு வயிறு எரிந்தது.

"'எதிரே ஈரான்காரர் கடை. பிஸ்தாவை நம் ஊர் உப்பு மாதிரி அம்பாரமாகக் கொட்டி வைத்திருக்கிறார். மாடியில் பிலிப்பைன்ஸ் பெண்கள் நாலு பேர், எந்நேரமும் பாட்டு. மலையாளி டீக்கடை பெஞ்சில் பெங்காலி, சிந்தி, எகிப்துக்காரர் எல்லாரும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குப் புரியாது. ஆனாலும் சண்டை மட்டும் நன்றாக நடக்கிறது. ஒரு நாள் உன்னை இங்கே கூட்டிவந்து, கையைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்ட வேண்டும்.'"

"கையைப் புடிச்சுக்குவாராம்ல, கையை!" என்று முணுமுணுத்துக்கொண்டே சல்மா மீனைப் போட்டு உரசினாள். செதில் போய்த் தோலும் வந்துவிட்டது.

எரியாமல் என்ன செய்யும்? ஆஸிஃபாவின் கணவன் ஷஃபியும் சல்மாவின் கணவன் உமைரும் துபாயில் ஒரே கம்பெனி, ஒரே ரூம், மேல் கட்டில் கீழ்க் கட்டில். ஆனால் உமைரின் கடிதம் இருக்கிறதே, அதை ஏன் கேட்கிறீர்கள்! மாமனார் பக்கீர் முஹம்மது பேருக்கு வரும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடத்தில் படிப்பார், குடும்பமே நின்று கேட்கும். 'நலம். உப்பு என்ன விலை? மழை உண்டா? வீட்டில் அனைவருக்கும் ஸலாம்.' தீர்ந்தது. அந்த அனைவரில் சல்மாவும் ஒருத்தி, மாமியார் வளர்க்கிற ஆட்டுக்கு அடுத்தபடி.

கல்யாணமான நாற்பதாம் நாள் விமானம் ஏறியவன். ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. இத்தனை நாளில் அந்தத் துபாய்த் தெருவில் எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை என்று சல்மாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். எல்லாம் அடுத்தவள் கடிதத்தின் தயவு. தன் புருஷன் அதே தெருவில்தான் நடக்கிறானா என்பதுதான் தெரியாது.

"ஆஸிஃபாக்கா, அந்த லெட்டரைக் கொஞ்சம் குடுங்க. நானே ஒரு வாட்டி படிச்சிட்டுத் தரேன்."

"ஐயோ, அவரு கோச்சுக்குவாரு சல்மா." ஆஸிஃபா கடிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"அப்ப எதுக்கு ஊருக்கே கேக்குற மாதிரி படிக்கிறீங்க?"

"எனக்கு மனசுக்குள்ள படிக்க வராதுடி!"

கொழுப்பைப் பார் என்று சல்மா உள்ளே போய் மீன் சட்டியை நங்கென்று வைத்தாள்.

எண்பத்தெட்டாம் வருஷம் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு ஷஃபி லீவில் வந்து இறங்கினான். உமைர் கொடுத்தனுப்பிய பார்சலை மாமனார்தான் பிரித்தார். அவருக்குக் கோடாரித் தைலம், மாமியாருக்குப் போர்வை. சல்மாவுக்குப் போர்வையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவர்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். ஷஃபியிடம் நேராகக் கேட்டுவிடுவது. என் புருஷனுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோட்டக்குப்பத்தில் அம்மா வீட்டுக்கே போய்விடுவது.

சாயங்காலம் ஷஃபி கொல்லையில் கை கழுவ வந்தான். சல்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. அவருக்கு என்னைப் புடிக்கலையா? அங்க வேற யாராச்சும் இருக்காங்களா?"

"சீச்சீ, என்னா தங்கச்சி இப்படிக் கேக்குற?"

"பின்ன என்னண்ணே? ஒரே ரூமு, ஒரே தெரு. நீங்க பக்கம் பக்கமா எழுதுறீங்க. அவருக்கு எனக்குன்னு ஒரு வார்த்தை எழுதத் தோணலியே. ஒங்க பேனாவுல மட்டும்தான் மை ஊறுதா?"

ஷஃபி தலையைச் சொறிந்தான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"வெளிய சொல்லிடாத தங்கச்சி, மானம் போயிடும். எனக்கு எழுதவே வராது. கையெழுத்துகூடக் கிடையாது, கைநாட்டுதான். எங்க ரூம்ல இருக்கிற பதினோரு பேருக்கும் ஒங்க வூட்டுக்காரருதான் லெட்டர் எழுதுவாரு."

சல்மாவுக்கு எரிச்சல் இரட்டிப்பாகிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்ட வேண்டும் என்று எழுதியது தன் புருஷனா? அதுவும் அடுத்தவன் பொண்டாட்டிக்கா?

"நல்லா இருக்குதுண்ணே நியாயம்! கட்டினவளுக்கு ஆட்டோட சேத்து ஒரு ஸலாம், ஒங்க வூட்டுக்கு ஊர்கோலமா? ஒரு நாளாச்சும் நீங்க அவரைத் தடுத்தீங்களா?"

"கோவப்படாம கேளு. நான் சொல்றது ரெண்டே வரி. 'நல்லா இருக்கேன், புள்ளையப் பத்திரமா பாத்துக்கோ.' அந்தத் தெரு, கடை, கையப் புடிக்கிறது எல்லாம் அவரு சொந்தச் சரக்கு. 'அத்தா கூடத்துல வெச்சுப் படிக்கிற லெட்டர்ல நான் என்னத்த எழுதுறது, ஷஃபி?'ன்னு கேப்பாரு. எழுதி முடிச்சிட்டு ஒவ்வொரு வாட்டியும் கடைசியில ஆஸிஃபாவுக்குன்னு ஒரே ஒரு வரி சேத்துடுவாரு, 'கொல்லச் செவுத்தோரமா நின்னு, அந்தப் பக்கம் கேக்குற மாதிரி சத்தமாப் படி தங்கச்சி'ன்னு."