நடுமேடையில் ஓர் ஓட்டை

காலையில்தான் பலகை அடித்து முடித்த மேடை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், முன்பக்கம் நட்டநடுவில் ஓர் ஓட்டை. ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சதுரமாக அறுத்திருந்தது.

"ஐயோ, என் பலகை!" என்று தலையில் கை வைத்தார் தச்சர்.

"யார் பார்த்த வேலை இது?" டைரக்டரம்மா கத்தினார்.

ஓட்டைக்குள்ளிருந்து மரத்தூள் படிந்த ஒரு தலை மேலே வந்தது. கிசுகிசு அண்ணன்!

"நான்தாம்மா."

எங்கள் நாடகக் குழுவில் வசனம் எடுத்துக் கொடுப்பவர் அவர். திரைக்குப் பின்னால் ஓரமாக உட்கார்ந்து, நடிகர்கள் தடுமாறினால் அடுத்த வார்த்தையைக் கிசுகிசுக்க வேண்டும். அதனால் அந்தப் பட்டப்பெயர்.

பத்து நாளில் கோடை சீசன். திறந்தவெளி அரங்கம் எட்டு மாதம் மழையில் கிடந்து பாசி பிடித்துப் போயிருந்தது. ஆளுக்கொரு வேலையாகப் படிக்கட்டு தேய்த்து, பெஞ்சுக்குப் பெயிண்ட் அடித்து, இடுப்பொடிந்து கிடக்கிறோம். இவர் இப்படிச் செய்தால் யாருக்குத்தான் எரியாது?

"நேத்தே கேட்டீங்க. வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கம்மா. ஆனா தொண்டை கட்டிப் போச்சு. ஓரத்துல இருந்து சொன்னா எட்ட மாட்டேங்குது. ராஜாவோட காலடியில உக்காந்தாத்தான்..."

"தொண்டை கட்டாம என்ன செய்யும்? போன வருஷம் நீங்க வாயை மூடினாத்தானே!"

அது உண்மை. முன்பெல்லாம் ஒரு நாடகத்துக்கு நாலு வார்த்தை எடுத்துக் கொடுத்தால் அதிகம். போன சீசனில் என்ன பேய் பிடித்ததோ, ராஜாவின் வசனம் ஒவ்வொன்றையும் முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்துவிட்டார். "ஒரே டிக்கெட்டுல நாடகத்தை ரெண்டு தடவை கேட்டோம்" என்று முதல் வரிசைக்காரர்கள் கிண்டலடித்துவிட்டுப் போனார்கள். டைரக்டரம்மாவுக்கு மானம் போயிற்று.

தன் குரலும் நாலு பேர் காதில் விழவேண்டும் என்கிற ஆசைதான் அவருக்கு என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பெஞ்சுகளுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்த நானும் அப்படிப் பேசியவள்தான்.

"ராஜா கால் தவறி உள்ள விழுந்தா யார் பதில் சொல்றது?"

"முன்னால தடுப்பு வைக்கிறேம்மா. அவர் எந்த வசனத்துக்கு எங்க கால் வைப்பாருன்னு எனக்குத் தெரியும்."

"என்னய்யா சத்தம்?" என்றபடி ராஜாவே மேடையேறி வந்தார். எந்த நாடகம் போட்டாலும் ராஜா வேஷம் அவருக்குத்தான். பெயரும் அதுவே ஆகிவிட்டது. கூட்டம் வருவதே அவரைப் பார்க்கத்தான்.

ஓட்டையை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னய்யா, எனக்கே குழி பறிக்கிறியா?"

எல்லோரும் சிரித்தோம். கிசுகிசு அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"முப்பது வருஷமா ஒரு எழுத்து பிசகாம பேசுறவன் நான். எனக்கு எதுக்கு எடுத்துக் கொடுக்கணும்? இவன் முணுமுணுப்புதான் எனக்கு இடைஞ்சல்."

கிசுகிசு அண்ணன் அவரை அண்ணாந்து பார்த்தார்.

"அவரே சொல்லிட்டாரு" என்றார் டைரக்டரம்மா. "இந்த சீசனுக்கு நீங்க வேண்டாம். ஓட்டையை மூடிட்டு வீட்டுக்குக் கிளம்புங்க."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா!" அவர் குரல் உடைந்தது. "நோட்டீஸ்ல என் பேரைப் போட வேண்டாம். குழிக்குள்ள இருக்கிறது யாருக்கும் தெரியாது. இந்த ஒரு சீசன் மட்டும் இருந்துக்கிறேன்."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் இப்படி ஒட்டிக்கொள்ள வேண்டுமா என்று எரிச்சலாகவும் இருந்தது.

"விட்டுடுங்களேண்ணே. வீட்டுல நிம்மதியா இருக்கலாம்ல?" என்றேன்.

"விட முடியாதும்மா" என்று மட்டும் சொன்னார்.

"தச்சரே, மூடுங்க!"

தச்சர் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இருங்க, ரம்பமும் சுத்தியலும் கீழ கிடக்கு, எடுத்துத் தர்றேன்" என்று கிசுகிசு அண்ணன் உள்ளே குனிந்தார்.

அப்போதுதான் பெஞ்சுகளுக்கு நடுவே ராஜாவின் சின்ன மகள் வந்தாள். கையில் சாப்பாட்டுப் பை. அப்பாவோடு ஒரே வீட்டில் இருப்பவள், எங்கள் எல்லோருக்கும் பழக்கம்.

"அப்பா, சாப்பாட்டை எடுக்காமலே வந்துட்டீங்க."

ராஜா நிமிர்ந்தார். மேடையில் செய்வது போலவே கையை விரித்து, அழகாகத் தலை குனிந்தார்.

"வாங்கம்மா, வாங்க! டிக்கெட் குடுக்க இன்னும் பத்து நாள் ஆகுமே!"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ராஜாவுக்கு எப்போதும் விளையாட்டுதான்.

அவள் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ராஜாவும் விரித்த கையை மடக்காமல், முகத்தில் அதே சிரிப்போடு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அவர் கண்கள் மட்டும் அவள் முகத்தில் எதையோ தேடித் தேடித் தவித்தன. எங்கள் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. டைரக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போது ராஜாவின் காலடியிலிருந்து அந்தக் கட்டிப்போன குரல் மெல்லக் கேட்டது.

"உங்க சின்னப் பொண்ணுண்ணே. சாப்பாடு கொண்டு வந்திருக்கா. 'வாடா கண்ணு'ன்னு சொல்லுங்க."