பத்து மணிக்குள் ஒரு சான்றிதழ்

"சர்டிஃபிகேட் இல்லாம இங்க ஒரு ஆணிகூட அடிக்க முடியாதுண்ணே. உங்களுக்கே தெரியும்" என்றாள் இல்டா.

"தெரியும்மா. சட்டம்னா சட்டம்தான். நான் கிளம்பறேன்" என்று ஒராசியோ எழுந்துவிட்டார்.

முப்பது வருஷமாய்ப் பிராம்ப்டன் ஊரில் கூரை போடுகிற மேஸ்திரி அவர். கோயில் கோபுரத்துக்குச் செப்புத் தகடு அடிக்கும் வேலையை அவருடைய ஆட்கள் முடித்துவிட்டார்கள். உச்சியில் சிலுவையை நிறுத்துவதுதான் பாக்கி. அதை மேஸ்திரியே ஏறித் தன் கையால் நிறுத்த வேண்டும் என்பது அந்தக் கோயிலின் வழக்கம். அதைப் பார்க்க, அவரைப்போலவே அசோரஸ் தீவுகளிலிருந்து கடல் கடந்து வந்து இங்கே குடியேறியவர்கள் அத்தனை பேரும் காலையிலேயே வாசலில் கூடிவிட்டார்கள். வாடகைக் கிரேன் பத்து மணிக்குத் திரும்பிப் போய்விடும்.

இந்த நேரம் பார்த்துச் சான்றிதழ் காலாவதி. வேலையில் ஆளுக்கு அடிபட்டால் பார்த்துக்கொள்கிறோம் என்று விபத்து இழப்பீட்டு வாரியம் தருகிற காகிதம் அது. தொண்ணூறு நாள்தான் ஆயுசு. ஒராசியோவுடையது நேற்றோடு முடிந்திருந்தது.

இல்டா, வேலையிடத்தில் கட்டட கம்பெனி போட்டிருக்கும் ஆபீஸ் கூண்டில், இதற்கென்றே உட்கார்ந்திருப்பவள். காகிதம் இல்லாமல் வந்த சொந்த மைத்துனரையே கேட்டோடு திருப்பி அனுப்பியவள். 'சாமி வரம் கொடுத்தாலும் இந்தப் பூசாரி கொடுக்கமாட்டா' என்று காண்டிராக்டர்கள் அவள் காதுபடவே பேசுவார்கள்.

"உக்காருங்கண்ணே. மணி ஒம்போதுதான் ஆகுது. பத்துக்குள்ள நான் வாங்கித் தரேன்."

"ஐயையோ, உனக்கெதுக்கும்மா சிரமம்? இன்னொரு மேஸ்திரி எவரிஸ்டோ இருக்கானே, அவனை ஏறச் சொல்லு. அவன்கிட்ட எல்லாப் பேப்பரும் இருக்கு. நல்ல பையன்."

"நல்ல பையனா? 'கிழவருக்குப் பேப்பர் இல்லையாமே'ன்னு கிரேன்காரன்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சிட்டிருக்கான்!"

"சிரிக்கட்டும்மா. சின்ன வயசு."

என்ன பெருந்தன்மை! இல்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கணவன் இறந்த வருஷம், கொட்டுகிற பனியில் வீடு ஒழுகியபோது, கூப்பிட்ட அரை மணியில் ஏணியோடு வந்து நின்ற மனிதர் இவர். இவரையா ஊர் சிரிக்க விடுவது? கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வாரியத்துக் கணக்கு நம்பர்?"

"ஞாபகமில்லையே."

பழைய சான்றிதழைத் தேடி அவளே எடுத்தாள். "பாஸ்வேர்டு?"

"அது எம் பொண்டாட்டி லுசிண்டாவுக்குத்தான் தெரியும். அவ திருவிழாச் சமையலுக்கு வெங்காயம் உரிச்சிட்டிருக்கா. சமையல்னு உக்காந்துட்டா போனைத் தொடவே மாட்டா."

கோயில் சமையலறைக்கு இல்டா ஓடினாள். அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்த லுசிண்டா, வெங்காயத்தைக் கீழே வைக்காமலே பாஸ்வேர்டைச் சொன்னாள். இல்டா மூச்சிரைக்கத் திரும்பி வந்து கணக்கைத் திறந்தாள்.

"என்னண்ணே இது! கட்ட வேண்டியதையெல்லாம் நாள் தவறாம கட்டியிருக்கீங்க. சம்பள அறிக்கைன்னு ஒரே ஒரு பக்கம், அதை அனுப்பலையே! மறந்துட்டீங்களா?"

"வயசாச்சில்ல" என்று மீசையை நீவினார் ஒராசியோ.

எந்த மாதம் எத்தனை பேர், என்ன சம்பளம் என்று கேட்டால் திருதிருவென்று விழித்தார். இல்டா அவருடைய ஆட்களையே ஒவ்வொருவராய் உள்ளே கூப்பிட்டு, கேட்டுக் கேட்டு எழுதி அனுப்பினாள். பிறகு வாரியத்துக்குப் போன் போட்டாள். பாட்டு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

ஒராசியோ சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மே மாதக் குளிரிலும் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. முள் ஒன்பதே முக்காலைத் தாண்டியதும் எழுந்து நின்றார்.

"போதும்மா. இவ்வளவு செஞ்சியே, அதுவே பெரிசு. நமக்குக் கொடுத்து வைக்கல, அவ்வளவுதான்."

"பேசாம இருங்கண்ணே! ஹலோ... ஹலோ, மேடமா? மேடம், இங்க ஊரே கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டிருக்கு. எங்க மேஸ்திரியோட மானம் உங்க கையிலதான் இருக்கு..."

கெஞ்சினாள், கொஞ்சினாள், வாரியத்து அம்மாளின் குழந்தைகள் நன்றாயிருக்க வேண்டும் என்று வாழ்த்தினாள். ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு மூலையிலிருந்த பிரிண்டர் கரகரவென்று காகிதத்தைத் துப்பியது.

"இந்தாங்கண்ணே! தொண்ணூறு நாளைக்கு உங்களை ஒருத்தனும் கேக்க முடியாது!"

ஒராசியோ காகிதத்தை வாங்கி நாலாய் மடித்துப் பையில் திணித்தார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே போனார். அழுவதை மறைக்கத்தான் இப்படி அவசரமாய்ப் போகிறார் பாவம் என்று இல்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

அப்போதுதான் மேஜைமேல் அவருடைய தலைக்கவசம் இருந்ததைக் கவனித்தாள். அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். ஆபீஸ் கூண்டுக்குப் பின்புறம், சுவரோடு சாய்ந்து நின்று அவர் போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்வேர்டை ஏண்டி கொடுத்தே? இந்த நாள் பாத்து சர்டிஃபிகேட் முடியணும்னு கணக்குப் போட்டு, வேணும்னேதானே அந்தப் படிவத்தை அனுப்பாம வச்சிருந்தேன்! இப்ப யாரு அந்தக் கோபுரத்துல ஏறுவா? போன வருஷத்திலேர்ந்து நம்ம வீட்டு பல்பு மாத்தறதுக்கே நீதானே லுசிண்டா ஸ்டூல் மேல ஏறறே!"