எட்டாவது படம்

ஏலே, அந்த வடையைக் கீழ வச்சிட்டுக் கேளுங்க. நான் காலேஜைப் பாதியில விட்டவன்தான். முழுசா முடிச்ச நீங்க மூணு பேரும் என் கணக்குலதான் டீ குடிக்கீங்க, அது இருக்கட்டும்.

திரேஸ்புரம் ஈவாஞ்சலின் மைனி இருக்காள்ல, செல்வின் அண்ணன் பொஞ்சாதி? அண்ணன் சரக்குக் கப்பல்ல வேலை. அங்கன நெட்டு நொண்டும். வீடியோ சுத்திக்கிட்டே கிடக்கும், திறக்காது. அதான் வாரம் ஒருக்க அவரு மகனை டேப்லெட்ல பழைய வீடியோ கேம் மாதிரி கட்டம் கட்டமா வரைஞ்சு, எட்டுப் படத்தை ஒண்ணு பின்னால ஒண்ணா ஓடவிட்டு அனுப்புதேன். துளியூண்டு ஃபைல். போயிரும்.

ஒருநாள் பய நடந்துட்டான். நடந்தான் என்ன, தெருவுல கோழியை விரட்டுதான். சுடச்சுட வரைஞ்சு மைனிகிட்ட காட்டுனேன்.

"இதை அனுப்பிராதலே, அழிச்சிரு. தவழுத மாதிரி வரை."

"மைனி, அவன் கோழி பின்னால அடுத்த தெருவுக்கே போயிட்டான்."

"போட்டும். நீ தவழவிடு."

"புருசன்கிட்டயே டூப்பா?"

"மூத்தவ நடந்தப்பவும் அவரு கப்பல்லதான். 'எல்லாரும் பார்த்தீங்க, நான் பார்க்கலையே'ன்னு போன்ல அழுதாரு. இவனாவது அவரு கண்ணு முன்னால முதல் அடி வைக்கட்டும்லே."

ரெண்டு மாசம் பயலைத் தவழவிட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை அண்ணன் வந்தாரு. மைனி வாசல்ல பயலைப் பிடிச்சு உக்கார வச்சிருந்தா. ஆட்டோ நின்னதும் கையை விட்டா. அண்ணன் கையில இருந்த மிட்டாயைப் பார்த்துப் பய எந்திரிச்சு அஞ்சு அடி நடந்தான்.

"ஏளா ஈவா, நடக்கான் பாரு. நடக்கான்ளா."

அண்ணன் தெருவுலயே உக்காந்து அழுதாரு. மைனி மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும். ஏழு பல்பு எரிஞ்ச மாதிரி.

கொஞ்ச நேரத்துல அண்ணன் என்னைத் தண்ணித் தொட்டிப் பக்கம் தள்ளிட்டுப் போனாரு.

"ஏலே மகாராஜா, மைனிகிட்ட மூச்சு விடாத. இவன் நடக்குதது எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும்."

"எந்தப் பய சொன்னான்?"

"நீதான். இங்கன படம் வெரசா ஓடும், யாருக்கும் தெரியாது. கப்பல்ல ஒண்ணொண்ணா இறங்கும். மொத வாரம் தவழவிட்டு அனுப்புனியே, அதுல ஏழு படம் தவழுதான். எட்டாவதுல காலைத் தூக்கிட்டு நிக்கான். ஆச்சரியப்படுத மாதிரி கண்ணாடி முன்னால நின்னு எத்தனை நாள் பழகியிருக்கேன் தெரியுமா? அழுகை மட்டும் பழகல. அது தன்னால வந்துட்டு."

"மன்னிச்சிருங்கண்ணே, கைதவறி விழுந்திருக்கும்"னேன்.

பொய்லே. ஏழு வரைஞ்சதும் சலிச்சுப் போச்சு. மைனி அழிக்கச் சொன்னதுல ஒண்ணை எடுத்து நானேதான் எட்டாவதா ஒட்டுனேன்.