கேள்வி கேட்கத் தெரிந்தவர்

றேமண்ட் மேசையில் ஓங்கி அறைந்ததில் பேனை உருண்டு கீழே விழுந்தது. "இது படிப்பிக்கிற இடமா, பிள்ளை பிடிக்கிற இடமா?" என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த, பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பொறுப்பிலிருந்த றமீலாவின் முகம் சிவந்துவிட்டது.

கொள்ளுப்பிட்டியில், கண்ணாடிக் கதவு போட்ட அந்தத் தனியார் கல்லூரிக்குள் நுழைந்தாலே குமட்டும். சுவர் முழுக்க வெள்ளைக்காரப் பிள்ளைகள் பல்லைக் காட்டிச் சிரிக்கும் படங்கள். அதில் ஒன்றுகூட இந்தப் படியை மிதித்திருக்காது. போதாததற்கு வாசனையை வேறு அடித்து அடித்து மூச்சு முட்ட வைத்திருந்தார்கள்.

றேமண்டுக்குப் பின்னால் சூசைதாசன், மாக்ரெட், மகள் ஐறீன் மூவரும் கதிரை நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சூசைதாசனுக்குத் துறைமுகத்தில் கூலி வேலை. அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்கப் போகும் முதல் ஆள் ஐறீன்தான். அரசாங்கப் பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறிவிட்டது. கடன்பட்டுச் சேர்த்த பணம் ஒரே ஒரு தடவைக்குத்தான் காணும். சேரும் இடம் பிழைத்தால், அக்காவைப் போல அவளும் புறக்கோட்டைப் புடவைக் கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட இடத்தில் என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியாது. வங்கியோ, பொலிஸோ, அரசாங்கக் கந்தோரோ, எதுவானாலும் கொட்டாஞ்சேனையில் அவர்கள் குடியிருக்கும் ஒழுங்கையில் எல்லாரும் றேமண்டைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். கப்பல் கம்பனியில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர், இங்கிலிஷ் தெரிந்தவர். டை கட்டிக்கொண்டு வருவார். ஒரு சதமும் வாங்க மாட்டார்.

பியூன் தேநீர் கொண்டுவந்து வைத்தான். மூவருக்கும் பால் தேநீர், சீனி வருத்தக்காரரான றேமண்டுக்குச் சீனி போடாத பிளேன்டீ. அவர் இரண்டு மிடறு குடித்துவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டார்.

"டிகிரி ஆர் குடுக்கிறது?"

"வெளிநாட்டு யுனிவர்சிட்டி ஒண்டு சேர்."

"பேர்?"

"அது இப்ப மாத்திக்கொண்டு இருக்கிறம் சேர்."

"பேரையா, யுனிவர்சிட்டியையா?"

றமீலா குனிந்து, கீழே கிடந்த பேனையை எடுத்தாள்.

"சரி, இங்க படிச்சு வேலைக்குப் போன ஒரு பிள்ளையைக் காட்டுங்க பாப்பம்."

"நான் இங்கதான் சேர் படிச்சது."

றேமண்ட் எழும்பினார். "சீ. ஏழைச் சனத்தின்ட வயித்தில அடிச்சுத் தின்ன உங்களுக்கு வெக்கமே இல்லையா? வா சூசை, இந்தக் குப்பைக்குள்ள இனி ஒரு நிமிசம் இருக்கக் கூடாது."

றமீலாவின் கண்ணில் நீர் திரண்டது. மாக்ரெட்டுக்குக்கூட ஒரு கணம் பாவமாக இருந்தது. ஆனால் தன் பிள்ளையின் காசைச் சுருட்டப் பார்த்தவள் என்று நினைத்ததும் அந்தப் பாவமும் போய் அருவருப்புத்தான் மிஞ்சியது.

தெருவுக்கு வந்ததும் சூசைதாசன் கையெடுத்துக் கும்பிடாத குறை. "நீங்க இல்லாட்டி நாங்க நல்லா மாட்டியிருப்பம் சேர்."

"செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு உங்கட பேரில ஒரு மெழுகுதிரி கொளுத்துறன்" என்றாள் மாக்ரெட்.

"அதெல்லாம் என்னத்துக்கு" என்றார் றேமண்ட். "வெள்ளவத்தையில ஒரு இடம் இருக்கு. வாசல்ல பேர்ப் போர்ட்டும் சின்னன், கதையும் குறைவு. ஆனா மனுசத் தன்மை உள்ள ஆக்கள்."

பஸ் ஏறிப் போனார்கள். சைவக் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள். படமும் இல்லை, வாசனையும் இல்லை. அதிபர் வரதராசா தானே எழும்பி வந்து கதிரை இழுத்துப் போட்டார். அதைப் பார்த்தே மாக்ரெட்டுக்கு மனம் நிறைந்துவிட்டது.

ஐறீன் மெல்ல றேமண்டின் பக்கம் சாய்ந்தாள். "அங்கிள், இங்க டிகிரி ஆர் குடுக்கிறது எண்டு கேக்கவா?"

"மரியாதையான மனுசரிட்ட அப்பிடிக் கேக்கிறேல்ல பிள்ளை."

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. சூசைதாசன் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டு, பணத்தை முழுவதுமாகக் கட்டினார். கட்டின காசு எக்காரணம் கொண்டும் திரும்பாது என்பதை வரதராசா மிகவும் பணிவாகச் சொன்னார். எல்லாம் முடியப் பொழுது சாய்ந்துவிட்டது.

"நீங்க போங்க. பிள்ளையின்ட டைம் டேபிளைக் கதைச்சுப் போட்டு நான் பின்னால வாறன்" என்றார் றேமண்ட்.

கீழே இறங்கிய சூசைதாசனுக்கு மனம் கேட்கவில்லை. தங்களுக்காக நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திய மனிதர், மத்தியானம்கூடச் சாப்பிடவில்லை. பக்கத்துப் பேக்கரிக்குள் போய், கூட்டத்துக்குள் காத்து நின்று, சூடான ரோல்ஸ் வாங்கி ஐறீனின் கையில் கொடுத்தார். "ஓடிப் போய் அங்கிளிட்ட குடுத்துட்டு வா."

ஐறீன் படியேறினாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே றேமண்ட் டையைத் தளர்த்திக்கொண்டு சாய்ந்திருந்தார். கொள்ளுப்பிட்டியில் வேலை முடித்து நேரே வந்திருந்த றமீலா, செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்குப் பக்கத்துக் கதிரையில் கால் நீட்டியபடி சொன்னாள்:

"நாளைக்குக் கொஞ்சம் மெதுவா ஏசுங்க அங்கிள், இண்டைக்கு உண்மையாவே அழுகை வந்திட்டுது."