ஸ்பீக்கரின் பின்புறம்

கார்காலம் முதிர்ந்து, பெய்வதா ஓய்வதா என்று முடிவெடுக்காத மேகங்கள் ஊரின் மேல் தங்கிவிட்ட நாள்கள் அவை. பகலே விளக்கொளியில் கழிந்தது. சுவர்கள் வியர்த்தன, கொடியில் கிடந்த துணிகள் உலர மறந்தன. பிரிந்தவர் மீளும் பருவம் என்று பழம்பாடல்கள் போற்றிய அந்தப் பருவத்தில், இசைக்கருவிக் கடைக்குள் வந்து சேர்ந்தது ஒரு புளித்த வாடை.

வாடைக்கு உரியவர்கள் இருவர்: ஒரு கிட்டார்க்காரர், அவர் மனைவியான பாடகி. இருவர் கண்களும் சிவந்திருந்தன. அவருடைய சட்டைத் தோளில் வெளிறிய கறை. அவள் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தாள்.

கடையின் மூத்த விற்பனையாளரை உடன் வேலை செய்வோர் 'சுத்தம் அண்ணன்' என்பார்கள். பிறர் தொட்ட ஒலிக் குமிழை மறு நொடியே துடைப்பவர். விடியலில் நீராடி, வேலைக்கு வரும் வழியெல்லாம் துதிப்பாடலை வாய்க்குள் சொல்லி வருபவர். பட்டப்பகலில் குடித்துவிட்டு வருகிறவர்களைக் கண்டால் அவருக்குக் குமட்டும். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டே என்ன வேண்டும் என்று கேட்டார்.

"பேட்டரியில ஓடுற ஸ்பீக்கர். நாங்களே தூக்கிட்டுப் போற மாதிரி," என்றார் கிட்டார்க்காரர்.

ஹோட்டல் முற்றங்களிலும் வரவேற்பு விருந்துகளிலும் இருவரும் சேர்ந்து கச்சேரி செய்கிறார்களாம். இன்று ஒன்று சரியாக அமையாவிட்டால் நாளை முதல் தான் பாட வரப்போவதில்லை என்றும், இவர் தனியாகத்தான் போக வேண்டும் என்றும் தளர்ந்த குரலில் சொன்னாள் மனைவி. குடித்துக் கெடுத்த தொண்டையை ஸ்பீக்கரா மீட்டுத் தரப்போகிறது என்று அண்ணன் மனத்துக்குள் காறித் துப்பினார்.

அருவருப்பை வளர்க்க இன்னொன்றும் இருந்தது. கிட்டாரை வெறும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மழையில் முதுகில் மாட்டி வந்திருந்த அந்த மனிதர், அதன் பெட்டியை மட்டும் இரு கைகளிலும் கிடையாக ஏந்தி வந்திருந்தார். மூடி ஒரு சாண் திறந்திருக்க, கசங்கிய துணிகளுக்கு நடுவே ஒரு பாட்டிலின் கழுத்து தெரிந்தது. வாத்தியம் நனைகிறது, பாட்டிலுக்குப் பல்லக்கு. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலில் சக்கரம் வைத்த பெரிய ஸ்பீக்கர் ஒன்றைக் காட்டினார். கிட்டார்க்காரர் பெட்டியை அதற்குப் பின்னால், சற்றுத் தள்ளித் தரையில் வைத்துத் தாமும் அங்கேயே குந்திக்கொண்டார். மனைவி மைக்கில் இரண்டு அடி பாடினாள். குரல் கெட்டிருக்கவில்லை, அதுவும் அண்ணனுக்கு எரிச்சலாகவே இருந்தது.

"சார், சத்தம் முன்னாடிதான் வரும். இங்க வந்து நின்னு கேளுங்க."

"இல்லண்ணே, பின்னாடி எப்படின்னுதான் எனக்குத் தெரியணும்."

"பின்னாடி யாரு உக்காந்து கேக்கப் போறாங்க?"

"கேக்கக் கூடாதுண்ணே. அதான் பாக்கறேன்."

போதை தலைக்கேறிவிட்டது என்று முடிவு கட்டிய அண்ணன், குமிழைக்கூடக் குறைக்காமல் விசையை வெடுக்கென அணைத்தார். 'டப்' என்று ஒரு வெடி. கணவனும் மனைவியும் பதறிப் பார்த்தது ஸ்பீக்கரை அல்ல, பெட்டியை. பாட்டிலுக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலை போலும்.

இரண்டாவதில் பாஸ் என்கிற கனத்த ஒலி தரையோடு ஓடுகிறது என்று உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார் கிட்டார்க்காரர். மூன்றாவது பின்பக்கமும் முணுமுணுக்கிறதாம். மனைவியின் முகம் வாடிக்கொண்டே வந்தது. இனி இருப்பது ஒன்றுதான் என்று, ஒல்லியான தூண் போன்ற நான்காவதை அண்ணன் எடுத்து நிறுத்தினார்.

அவள் இம்முறை கண்களை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் பாடத் தொடங்கினாள். குரல் கடையின் வாசலைத் தாண்டித் தெளிவாகப் போயிற்று. புளித்த வாடையோ முன்னைவிட வலுத்தது. பொறுத்தது போதும் என்று அண்ணனுக்குத் தோன்றியது. பெட்டியையும் ஆளையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவதென்று துடைக்கும் துணியோடு பின்பக்கம் போனார்.

கிட்டார்க்காரர் சுவரில் சாய்ந்து, வாய் பிளந்து உறங்கிப் போயிருந்தார். அண்ணன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, தொடக் கூசியபடி, இரண்டு விரலால் பெட்டியின் மூடியை உயர்த்தினார்.

உயர்த்திய கை அப்படியே நின்றது.

பாடகி கண் திறந்து பார்த்துப் பாட்டை நிறுத்தினாள். திருடிப் பிடிபட்டவள் போல நின்றாள். முடித்துவிட்டே நிறுத்தும்படி அவளுக்குச் சைகை காட்டிய அண்ணன், கடைசி அடி ஓயும்வரை அசையவில்லை. பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, ஓசையின்றி நடந்துபோய், கருவறைக் கதவைச் சாத்துபவர் போல ஒலிக் குமிழை இழை இழையாகக் கடைசிவரை இறக்கினார். அதன் பின்னரே விசையை அழுத்தினார். எந்தச் சத்தமும் எழவில்லை.

திரும்பி வந்து பெட்டியின் அருகே மண்டியிட்டார். விடியலில் சொன்ன துதியின் ஈற்றடி உதட்டில் ஒருமுறை அசைந்து அடங்கியது. மூக்கை மூடியிருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டு, அந்தப் புளித்த பால் வாடைக்குள் குனிந்து சொன்னார்:

"அம்மா பாடட்டும், நீ தூங்கு கண்ணு. நூறு வருஷம் நல்லா இரு."