தொட்டி மறைவில் ஒரு பேனல்

"கீ... கீ..." என்று அலறியது, வேல்விழியின் கணவனுக்கு மூச்சுவிட உதவும் மெஷின். பேட்டரி தீரப்போகிறது. மாதாந்திர மின்தடை, மாலை ஐந்து மணிக்குத்தான் கரண்ட் வரும்.

இத்தனை வெயிலில் சோலார் பேனல் ஏன் சார்ஜ் ஏற்றவில்லை? மொட்டை மாடியில் துரும்பைக்கூட வைக்கக் கூடாதென்று கண்டிப்பாகச் சொன்ன வீட்டு ஓனர் சுப்பண்ணனுக்குத் தெரியாமல், அந்தச் சின்னப் பேனலைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்று மாதமாக ஒளித்து வைத்திருந்தாள்.

மேலே ஓடினாள். பேனலின் மேல் குனிந்திருந்தார் சுப்பண்ணன்.

"கழட்டிறாதீகய்யா. அவுக மூச்சே இதுலதான் ஓடுது."

"கேக்காம வெச்சது தப்புத்தானுங்களே?"

"தப்புதான்யா. நாளைக்கே வீட்டைக் காலி பண்ணிறோம். இன்னைக்கு ஒரு பொழுது மட்டும் விட்ருங்க."

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவர் மெல்ல நிமிர்ந்தார். கையில் பனியன் வேஸ்ட் துணி. அது நிறைய, பக்கத்து நிட்டிங் கம்பெனியிலிருந்து பறந்து வந்த பஞ்சுத் தூசி.

"அழுவாத கண்ணு. நித்தமும் நான்தான் தொடைப்பேன். நாலு நாளா கணியூர்ல பொண்ணு ஊட்டுல இருந்துட்டேன், பஞ்சு மூடிப்போச்சு."